சறுக்க முந்தியே களைச்சுப் போச்சு

பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போய்ச் சறுக்கப் பழக்கிவிட்டார்கள். அன்று பிடித்த சனி. குளிர்காலம் தொடங்கினால் பிள்ளைகளுக்கு மலை வேண்டும். ரொறன்ரோவில் மலைக்கு நான் எங்கே போவது?

“கொலிங்வுட் கிட்டத்தானே மாமா, ரெண்டு மணித்தியாலம்” என்கிறான் மருமகன். செவ்வாய்க்கிழமை என்றால் சரி. சனிக்கிழமை காலமை 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறிப் பாருங்கள். பாரி தாண்ட முந்தியே பின் சீற்றில் மட்டன் ரோல்ஸ் முடிந்து, “இன்னும் எவ்வளவு நேரம்?” தொடங்கிவிடும். இதில் பெரிய அநியாயம், அந்தப் பக்கத்துக்கு நல்ல பனி ஜோர்ஜியன் குடாவால் வருவதுதான். வடமேற்குக் குளிர்காற்று உறையாத தண்ணீரில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் கொட்டும். கொட்டுகிற நாளில் முன்னுக்குப் போகிற காரின் லைட்டே தெரியாது; பொலிஸ் றோட்டைப் பூட்டிவிடும். றோட் திறந்து, நாங்களும் வெளிக்கிட்டால் அன்றைக்குப் பார்த்து மழை. இரவில் அது இறுகி, விடிய சரிவு முழுக்கப் பளிங்கு. பனி அடிக்கிற மெசின் இருக்கிறதுதான். ஆனால் மைனஸ் 2 பாகைக்காவது குளிர்ந்தால்தான் அதுவும் ஒழுங்காக வேலை செய்யும்.

இவ்வளவுக்கும் அங்கே உச்சியிலிருந்து அடிவாரத்துக்குச் சுமார் 220 மீற்றர். நயாகரா அருவி விழுகிற அதே பாறை விளிம்பு வடக்கே நீண்டு போய் நிற்பதைத்தான் நாங்கள் மலை என்கிறோம். வாடகைச் சப்பாத்தின் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டி நிமிர்ந்தால், சின்னவன் “சொக்ஸ் மடிஞ்சிட்டுது” என்று அழுவான். கழற்றி, சொக்ஸை இழுத்து, திரும்பப் பூட்டி, லிஃப்ட் வரிசையில் கால் விறைக்க நின்று மேலே போனால், இறங்கி முடிய ரெண்டு மூன்று நிமிசம். பிறகு மீண்டும் வரிசை.

“அப்ப ட்ரொம்ப்லான் போவம், 645 மீற்றர் இறக்கம்” என்கிறார் அத்தான். கியூபெக்குக்கு ஏழு மணித்தியாலம் கார் ஓட்டப்போவது அவரில்லை.

விஸ்லர் என்றால் பேச்சே இல்லை. 1,500 மீற்றருக்கு மேல் இறக்கம். வான்கூவருக்கு ஐந்து மணித்தியாலம் பறந்து, பிறகு 99ஆம் நெடுஞ்சாலையில் ரெண்டு மணித்தியாலம் ஓட வேண்டும். மார்ச் முடியும்வரை அந்த றோட்டுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். வாடகைக் காருக்கு அது இருக்கிறதா என்று பார்ப்பதும் என் தலையில். பான்ஃப் பக்கம் போனால் கல்கரியிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் மைனஸ் 25இல் காற்றும் அடித்தால் சின்னவன் அறையை விட்டு வெளியே வரமாட்டான். டிக்கட் விலையைப் பார்த்துவிட்டு மனுசி சொல்கிறாள்: “இன்னும் கொஞ்சம் போட்டா ஊருக்கே போயிட்டு வரலாம்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, பெப்ரவரிக் குடும்ப தின விடுமுறையில் மேற்கே போனால் இங்கத்தைய சனத்திடமிருந்தாவது தப்பலாம் என்று பார்த்தால், அல்பேர்ட்டாவுக்கும் அதே மூன்றாம் திங்கள்தான் லீவு. பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர் முந்தி ஒரு கிழமை முன்னதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019இல் அவர்களும் இதே நாளுக்கு மாறிவிட்டார்கள். யார் கேட்டது?

சீசன் பாஸ் எடுத்தால் மலிவாம். அதை வசந்தத்திலேயே எடுக்க வேண்டும். போகப்போக விலை ஏறும். அடுத்த ஜனவரியில் பனி விழுமா என்று சுற்றுச்சூழல் அமைச்சுக்கே தெரியாது, நான் ஏப்ரலில் காசு கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒரு புதன்கிழமை பின்னேரம் கிட்ட இருக்கிற குன்றொன்றுக்குப் போய், லைட் வெளிச்சத்தில் சறுக்கிவிட்டு வந்தால் போதும். வரிசையும் குறைவு, காசும் குறைவு. ஆனால் அடுத்தநாள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சோதனை, அத்தானுக்கு விடிய ஷிஃப்ட், மருமகனுக்கு இரவில் கண் தெரியாதாம்.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “சரி, விஸ்லருக்கே போவம்” என்றேன். மூத்தவள் ஃபோனிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொல்கிறாள்: “நீங்க போயிட்டு வாங்கோ அப்பா, நான் ஃப்ரெண்ட்ஸோட கொலிங்வுட் போறன்.”