பத்து சதவீதத்துக்குள் வந்தால் போதுமா?

உங்களில் பலர் பிஎச்.டி. செய்கிறீர்கள், சிலர் கைடாகவே ஆகிவிட்டீர்கள். பெருமைதான். ஆனாலும் ஒரு விஷயத்தில் உங்களோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

ஆய்வு நெறிமுறை என்றால் என்ன என்று கேட்டால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் பார்க்கும் பிள்ளைகள் சொல்வது ஒரே பதில்: "காப்பி அடிக்கக் கூடாது சார், பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும்." யுஜிசி 2018-இல் கொண்டுவந்த விதி அது. சரி, அடுத்தவர் எழுத்தைத் திருடக் கூடாது. அடுத்தவர் வாழ்க்கையை?

2019 டிசம்பரில் யுஜிசி இதற்கென 2 கிரெடிட் பாடத்தையே கட்டாயமாக்கியது. 6 அலகு, 30 மணி நேரம். பதிப்பு நெறி, டேட்டாபேஸ், மேற்கோள் கணக்கு எல்லாம் உண்டு. நாம் கேள்வி கேட்கப் போகும் மனிதரின் சம்மதத்துக்கு என்று தனி அலகு கிடையாது.

"எத்திக்ஸ் கமிட்டியெல்லாம் மெடிக்கல்காரங்களுக்கு சார். நாங்க ஊசியா போடறோம்? கேள்விதானே கேக்கறோம்" என்கிறீர்கள். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பத்திடம், முதலாளி பக்கத்தில் நிற்கும்போது, "கடன் எவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். குறித்துக்கொண்டு பைக்கில் ஏறிப் போய்விடுவீர்கள். அந்தக் குடும்பம் அன்று இரவும் அதே சூளையில்தான் படுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. தலைமையாசிரியரிடம் ஒரு கையெழுத்து, ஒரே பீரியடில் வகுப்பு முழுக்கப் படிவம். "அப்பா குடிப்பாரா?" என்று கேள்வி. மேலே பிள்ளையின் பெயர்.

2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தது. பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. நம் ஊர்ப் படிவத்தில் ஊசி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வகுப்பில் காலம் கழித்தவன் சொல்கிறேன்: சார் நீட்டிய தாளைப் பிள்ளை மறுக்காது. அதற்குப் பெயர் சம்மதம் அல்ல, பயம்.

ஆகவே, முதலாளி இல்லாத இடத்தில் பேசுங்கள். பெற்றோரைக் கேளுங்கள், பிள்ளையையும் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். பெயர் எழுதாதீர்கள். கைடுகளே, கேள்வித்தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டிலேயே எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.