அலைபேசியைக் குற்றவாளியாக்காதீர்கள்

ஐயா, உங்கள் கட்டுரையின் சாரம் இதுதான்: கையில் அலைபேசி உள்ளவரெல்லாம் நிருபராகிவிட்டதால் உள்ளூர்ச் செய்தி கெட்டுப்போனது, 2023 மார்ச்சில் திருப்பூரைப் பற்றிக் கிளம்பிய வதந்தியே அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சி உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது.

பீகார் தொழிலாளர்கள் இங்கே அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று பரவிய காணொளிகளில் ஒன்று, பீகார்க்காரர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. பொய்யைப் பரப்பியதாகத் தமிழகக் காவல்துறை முதலில் வழக்குப் போட்டவர்களில் ஒருவர் தைனிக் பாஸ்கர் நாளிதழின் ஆசிரியர். மற்றொருவர் பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ். யூடியூபர் மணீஷ் காஷ்யப் சிக்கியது அதற்குப் பிறகு. நீங்கள் காஷ்யப்பை மட்டும் எழுதிவிட்டு நாளிதழை விட்டுவிட்டீர்கள். தெரியாமல் விட்டிருந்தால் அரைகுறை வேலை. தெரிந்தே விட்டிருந்தால் நேர்மையின்மை. பனியன் கம்பெனித் தொழிலாளியின் குடும்பத்தை நடுங்கவைத்த பொய்யில் அச்சு மைக்கும் பங்கு உண்டு.

‘பயிற்சி பெற்றவர் மட்டுமே எழுதட்டும்’ என்கிறீர்கள். எங்கள் கணியூர் போன்ற பேரூராட்சிக்கு அவர் எப்போது வருகிறார்? தாலுகா நிருபர் ஒருவரே அத்தனை ஊரையும் பார்க்கிறார். பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. போதாததற்குத் தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் கேட்டு ஒப்பந்ததாரர் வாசலில் நிற்கவைத்துவிட்டு, அவர் போட்ட ரோடு பெயர்ந்ததை எழுது என்றால் எப்படி எழுதுவார்? இந்த ஏற்பாட்டைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நொய்யல் ஆற்றைப் பாருங்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் நடத்திய வழக்கால். தண்ணீர் நிறம் மாறியதை முதலில் கண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு எந்தப் பத்திரிகையும் அடையாள அட்டை கொடுத்திருக்கவில்லை.

அட்டை இருந்தாலும் அது கேடயமாகிவிடாது. 2024 ஜனவரியில் பல்லடத்தில் நியூஸ் 7 செய்தியாளர் நேசபிரபு, தன்னைச் சிலர் நோட்டமிடுவதாகப் போலீசை அழைத்துக் கெஞ்சியும் வெட்டப்பட்டார். அந்தத் தொலைபேசிப் பேச்சின் பதிவு வெளியே வந்ததால்தான் காவல்துறையின் மெத்தனம் ஊருக்குத் தெரிந்தது.

அலைபேசியில் படமெடுப்பவர்களைப் ‘பொறுப்பற்றவர்கள்’ என்ற உங்கள் சொல்தான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரைப் போலீசார் அடித்ததை மறைந்திருந்து படமெடுத்தவர் ஒரு சாதாரண மனிதர். அந்தக் காட்சி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. வழக்கு சிபிஐ கைக்கு மாறியது. எடுத்தவர் உயிருக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்க நேர்ந்தது. இதைவிடப் பெரிய பொறுப்பை எந்த நிருபரிடம் எதிர்பார்க்கிறீர்கள்?

தவறு செய்பவர்கள் உண்டு. குழந்தையின் முகத்தைக் காட்டுகிறார்கள், பழைய படத்தைப் புதிதென்று போடுகிறார்கள். அதற்கு வாயை அடைப்பது மருந்தல்ல, கற்றுக்கொடுப்பதுதான். உங்களைப் போன்ற நாற்பது வருட அனுபவசாலிகள் அதைச் செய்யலாம். நீங்களோ திட்டத்தான் வந்தீர்கள்.

கணியூர்க்காரர்களே, மடத்துக்குளத்து மக்களே, படமெடுப்பதை நிறுத்தாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிப் பதியுங்கள். வெட்டி ஒட்டாத மூலப் பதிவைப் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் நிற்பது அதுதான். உங்களுக்கு வந்த காணொளியை அனுப்பும் முன் சம்பவம் நடந்த ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.