வீடு திரும்பும்போது எந்த மொழி?

படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் ஊரை விட்டுப் போவது தமிழர்களுக்குப் புதிதல்ல. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்க வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கோ தூரமும் பெரிதல்ல. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். ஆயினும், தீபாவளிக்கும் பருவ விடுமுறைக்கும் அதைக் கடந்து வீட்டுக்குப் போகும்போது நாம் 'வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை' ஆகிவிடுகிறோம். அப்படிப் போகிறவர் என்ன வாங்கிக்கொண்டு போகிறார் என்பதைவிட, எந்த மொழியில் பேசுகிறார் என்பதே முக்கியம் என்பது என் கருத்து.

காரணம், வீட்டிலுள்ள சிறியவர்கள் நம்மையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். சென்ற விடுமுறையில், நான்காம் படிவத்தில் படிக்கும் என் சித்தி மகன் கேட்டான்: "அக்கா, எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் எடுக்கணுமா? சிங்கப்பூர் போனா அதை வச்சு என்ன செய்யறது?" அங்கே தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று என்று சொன்னேன். அவன் அசையவில்லை. "அப்புறம் ஏன் அங்கேருந்து வர்றவங்க எல்லாம் இங்கிலீஷ்லயே பேசறாங்க?" என்றான்.

அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் விருப்பப் பாடமே. எடுப்பதா விடுவதா என்பதைப் பதினாறு வயதில் ஒரு மாணவன் முடிவு செய்கிறான். மேற்படிப்புக்குப் போன அண்ணனும் அக்காவும் வீட்டில் ஆங்கிலமே பேசினால், முன்னேறியவர்கள் கழற்றிப் போடும் பழைய சட்டைதான் தமிழ் என்று அவன் எண்ணுவதில் வியப்பென்ன?

"மாதக் கணக்கில் ஆங்கிலத்திலேயே இருக்கிறோம், வாய் தானாக அதற்குத்தான் போகிறது" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அது பொய்யன்று. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடு; 2010இல் அது 32.3 விழுக்காடு. சூழலின் இழுப்பு அத்தகையது. அதனால்தான், விடுமுறை நாள்களாவது தமிழுக்கு உரியவையாக இருக்கட்டும் என்கிறேன்.

பெரியவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் பேச்சில் பெரட்டு, நிரை, மங்கு என்று சொற்கள் வரும். விடியுமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. ஒருவருக்கு ஒதுக்கிய மரவரிசை நிரை. பால் வடியும் கிண்ணம் மங்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய்த் தாமான் வந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொற்கள் இன்று பாட்டியிடம் மட்டுமே இருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறினால் அவர் மௌனமாகிவிடுகிறார். சற்று நேரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். அவரோடு அந்தச் சொற்களும் எழுந்து போகின்றன.

அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும் நண்பர்களே, சாக்லெட் தாராளமாக வாங்கிப் போங்கள். கூடவே, நீங்கள் படிப்பது பொறியியலோ கணக்கியலோ, அதைப் பற்றித் தம்பி தங்கையரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒரு சொல் கிடைக்காமல் தடுமாறினாலும் பரவாயில்லை. பாட்டியைக் கேளுங்கள், இல்லையேல் அகராதியைப் புரட்டுங்கள். தமிழ் பேசும் பிள்ளைதான் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். நூறு மேடைப் பேச்சுகள் செய்யாததை அது செய்துவிடும்.