உரிமையும் உடைமையும்: கால்பந்து ரசிகர் சொல் அம்பலம் ஏறுமா?

2009 ஜனவரி 19ஆம் நாள் மாலை, இத்தாலியின் மிலான் நகரில் ஒரு வீட்டின் முன் பெருங்கூட்டம் நின்றது. அங்கே குடியிருந்தவர் ஏ.சி. மிலான் அணிக்கு ஆடிய பிரேசில் நாட்டுக்காரர் காகா. சில மாதங்களுக்கு முன் அபுதாபிச் செல்வர்கள் வாங்கியிருந்த மான்செஸ்டர் சிட்டி, அவருக்காக ஏறத்தாழ 10 கோடி பவுண்டு தர முன்வந்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது. அதற்கு முன் எந்த ஆட்டக்காரருக்கும் பேசப்படாத தொகை அது. மைதானத்திலும் கழக அலுவலகத்தின் முன்பும் முழங்கிய ரசிகர்கள், கடைசியில் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். காகா சன்னலருகே தோன்றித் தம் மிலான் சட்டையை எடுத்துக் காட்டினார். அன்றிரவே கழக உரிமையாளரும் அப்போதைய இத்தாலியப் பிரதமருமான பெர்லுஸ்கோனி, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்து, காகா மிலானிலேயே இருப்பார் என்று அறிவித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இருந்திராது. அதே ஆண்டு ஜூன் 8ஆம் நாள் காகா ரியல் மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார். விலை 6.5 கோடி யூரோவுக்கும் கூடுதல். ஜூன் 6, 7 ஆகிய நாட்களில் இத்தாலியில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது என்பதையும், அதில் பெர்லுஸ்கோனியின் கட்சி போட்டியிட்டது என்பதையும் மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

அப்படியானால் ஜனவரியில் அந்தக் கூட்டம் வென்றது எதை? ஓர் ஆட்டக்காரரை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று கழகம் முடிவெடுக்கும்போது ரசிகர்களின் குரலுக்கு உண்மையில் ஏதேனும் எடை உண்டா? நெடுநாளாக என்னைத் தொந்தரவு செய்துவரும் கேள்வி இது. இதைக் கால்பந்துக் கேள்வியாக மட்டும் நான் பார்க்கவில்லை. தமிழில் 'உடைமை' என்றொரு சொல் உண்டு. 'உரிமை' என்றொரு சொல்லும் உண்டு. உடைமை பத்திரத்தில் இருப்பது. உரிமையோ பத்திரத்திலும் இருக்கலாம், பத்திரமே இல்லாமலும் இருக்கலாம். 'உரிமையோடு கேட்கிறேன்' என்கிறோம். 'உரிமையோடு கோபித்துக்கொண்டான்' என்கிறோம். அங்கே சட்டம் எதுவும் இல்லை. நெடுநாள் பழக்கமும் அன்பும் மட்டுமே இருக்கின்றன. ரசிகனுக்குத் தன் அணியின் மீது இருப்பது இந்த இரண்டாவது வகை உரிமை. அது எதுவரை செல்லும் என்பதே நம்முன் உள்ள வினா.

என் தலைமுறையினருக்கு ரொபெர்ட்டோ பாஜியோ என்றால் 1994 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றவர். ஃப்ளாரன்ஸ் நகரத்தாருக்கு அவர் நான்காண்டுகளுக்கு முன்பே ஆறாத புண் ஆகியிருந்தார். அவர்களுடைய ஃபியோரெண்டினா அணி 1990 மே மாதம் ஐரோப்பியக் கழகங்களுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையின் இறுதியாட்டத்தில் யுவென்டஸிடம் தோற்றது. தோல்வியின் சூடு ஆறுமுன், அதே யுவென்டஸுக்கே பாஜியோ விற்கப்பட்டார் என்ற செய்தி வந்தது. அன்றைய உலகச் சாதனை விலை. நகரம் தெருவில் இறங்கியது. கழக அலுவலகத்தின் முன் கல்வீச்சு, காவலர் தடியடி, ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் காயம். விற்பனை நிற்கவில்லை. ஆனால் கழகத்தை வைத்திருந்த பொன்டெல்லோ குடும்பம் அதே ஆண்டில் அதைக் கைமாற்றிவிட்டு விலகியது. ஆட்டக்காரரும் போனார், அவரை அனுப்பியவரும் போனார் என்று இதைச் சுருக்கலாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மறு ஆண்டு நடந்தது. 1991 ஏப்ரல் 6ஆம் நாள் பாஜியோ யுவென்டஸ் சட்டையில் ஃப்ளாரன்ஸுக்கு வந்தார். யுவென்டஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதை அடிக்க வேண்டியவர் அவர்தான், அவர் மறுத்தார். பழைய அணியின் காப்பாளர் தன் அடியை நன்கு அறிவார் என்பது அவர் தந்த விளக்கம். வேறொருவர் அடித்த பந்து தடுக்கப்பட்டது, யுவென்டஸ் தோற்றது. பாதியில் ஆட்டத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டு நடந்துவந்தபோது, கூட்டத்திலிருந்து வீசப்பட்ட ஃபியோரெண்டினாவின் ஊதாநிறக் கழுத்துத் துண்டை அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். விற்பனையைத் தடுக்க முடியாத அந்த நகரம், விற்கப்பட்ட மனிதரைக் குனியவைத்தது. இதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

கணக்குப் புத்தகம் தெளிவாகப் பேசும் இடத்துக்கு வருவோம். ரோமின் லாசியோ கழகத்தில், ஒரே உரிமையாளர் காலத்தில், ஏழாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது 1995 ஜூனில். இரண்டு முறை இத்தாலிய லீகின் முதல் கோல்காரராக வந்திருந்த ஜுசெப்பே சின்யோரியைப் பார்மா கழகத்துக்கு விற்க உரிமையாளர் க்ரான்யோத்தி முடிவு செய்தார். ஆயிரக்கணக்கானோர் ரோம் வீதிகளில் திரண்டனர். க்ரான்யோத்தி பின்வாங்கினார், சின்யோரி தங்கினார். ரசிகர் சக்தியைப் பேசுவோர் எல்லோரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது.

இரண்டாவது 2002 ஆகஸ்ட் 31ஆம் நாள். லாசியோவின் சிறுவர் அணியிலேயே வளர்ந்து அணித்தலைவராகவும் ஆகியிருந்த அலெஸாண்ட்ரோ நெஸ்டா, ஆட்டக்காரர்கள் கழகம் மாறுவதற்கான கடைசி நாளன்று ஏ.சி. மிலானுக்கு விற்கப்பட்டார். அன்றே முன்கள வீரர் க்ரெஸ்போ இன்டர் மிலானுக்குச் சென்றார். ரசிகர்களின் சினம் 1995இல் இருந்ததைவிடக் குறைந்ததன்று. நெஸ்டா அவர்கள் வீட்டுப் பிள்ளை. ஆயினும் முடிவு மாறவில்லை. மாற இடமும் இல்லை. க்ரான்யோத்தியின் உணவுத் தொழில் நிறுவனமான சிரியோ கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. நவம்பரில் அதன் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர இயலாமற்போயிற்று. 2003 தொடக்கத்தில் அவர் கழகத்தைவிட்டே விலகினார்.

அதே நகரம், அதே உரிமையாளர், அதே ரசிகர்கள். 1995இல் விற்காமலிருக்க க்ரான்யோத்தியிடம் பணம் இருந்தது, 2002இல் இல்லை. ரசிகர் குரல், மறுக்கும் வசதி உள்ளவனிடம்தான் செல்லுபடியாகிறது. கையில் காசில்லாதவனுக்கு அது கேட்காமலில்லை. கேட்டாலும் அவனால் செய்யக்கூடியது ஏதும் இல்லை.

1995இன் வெற்றியும் நிலைக்கவில்லை. புதிய பயிற்றுநர் எரிக்ஸன் காலத்தில் சின்யோரி ஓரங்கட்டப்பட்டு, இரண்டரை ஆண்டுக்குள் சாம்ப்டோரியா கழகத்துக்கு அனுப்பப்பட்டார். 2000இல் லாசியோ லீக் பட்டம் வென்றபோது அவர் அங்கே இல்லை. ஆட்ட நுணுக்கத்தில் ரசிகர் சொல்வதே சரி என்று வாதிட நான் வரவில்லை. பல வேளைகளில் அவர்கள் நேற்றைய கோல்களுக்காக அழுகிறார்கள். கழகமோ நாளைய அணியைக் கட்டவேண்டியிருக்கிறது.

'உடைமையும் ரசிகர் கையில் இருந்தால் நிலைமை வேறு' என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. பார்சிலோனா தனியொருவர் சொத்தன்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கழகம். தலைவரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் மெஸ்ஸி விலக விரும்புவதாக எழுத்து மூலம் அறிவித்தபோது, ரசிகர்கள் மைதானத்தின் முன் கூடித் தலைவர் பர்தொமேயு பதவி விலக வேண்டும் என்று முழங்கினர். அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர 20,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கையொப்பம் திரண்டது. அக்டோபரில் அவர் விலகினார். புதிய தலைவராக லாபோர்டா வந்தார். மெஸ்ஸியும் இருக்க விரும்பினார், தலைவரும் வைத்துக்கொள்ள விரும்பினார், உறுப்பினர்களும் அதையே விரும்பினர். ஆனால் கழகத்தின் கடன் 100 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. வருவாய்க்கு ஏற்பவே ஊதியம் தரலாம் என்ற ஸ்பெயின் லீகின் விதி குறுக்கே நின்றது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் மெஸ்ஸி வெளியேறுவதாக அறிவிப்பு வந்தது. தலைவரைக் கவிழ்க்க முடிந்த கைகளால் ஆட்டக்காரரை இருத்த முடியவில்லை.

இவையெல்லாம் நடக்கும்போது நாம் மறந்துவிடும் ஒருவர் உண்டு: ஆட்டக்காரர். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜியத்தின் போஸ்மன் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் எந்தத் தொகையுமின்றி வேறு கழகம் செல்லலாம் என்றாயிற்று. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழைந்தவரை இப்போதே விற்றால் காசு, அடுத்த ஆண்டு போனால் வெறுங்கை என்ற நிலையில் கழகம் விற்கத்தான் செய்யும். இத்தீர்ப்பு ரசிகரின் கையை மேலும் தளர்த்தியது உண்மை. அதற்காக அதைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. ஆட்டக்காரரும் உழைத்துப் பிழைக்கும் மனிதர். அவரும் ஒருவர் உடைமை அல்லர்.

இந்த இடத்தில் ரசிகரின் உரிமை தன் எல்லையைத் தாண்டும் அபாயமும் இருக்கிறது. 2010 அக்டோபரில், மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு விலக வேய்ன் ரூனி விரும்பியபோது, முகத்தை மறைத்த ஒரு கூட்டம் இரவில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. மறுநாள் அவர் ஐந்தாண்டுக்குப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இதை ரசிகர் வெற்றி என்று நான் எண்ணமாட்டேன். மிலானில் வீட்டின் முன் நின்றவர்களும் கூட்டம்தான்; ஆனால் அவர்கள் 'போகாதே' என்று கேட்டார்கள். முகத்தை மூடிக்கொண்டு வருபவன் கேட்க வருவதில்லை. கோபிக்கும் உரிமை அன்பிலிருந்து பிறக்கிறது; மிரட்டும்போது அந்த ஊற்றே வற்றிவிடுகிறது.

அப்படியானால் ரசிகருக்கு எஞ்சுவது என்ன? என் விடையை இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஒரு படிக்கட்டில் கண்டேன். 1995 ஜனவரியில் அக்கழகம் ஆண்டி கோல் என்ற முன்கள வீரரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றது. 60 லட்சம் பவுண்டும் கீத் கில்லெஸ்பி என்ற இளம் ஆட்டக்காரரும் மாற்றாக வந்தனர். முந்தைய பருவத்தில் மட்டும் 41 கோல் அடித்திருந்தவரை விற்றதை நகரத்தாரால் நம்பவே முடியவில்லை. மைதானத்தின் வாசலில் கூடினர். மேலாளர் கெவின் கீகன் பின்வாசல் வழியே போய்விடவில்லை. வாசற்படியில் வந்து நின்றார். முடிவு தன்னுடையது என்றார், வசைகளைக் கேட்டார், ஏன் விற்றேன் என்று முகம் பார்த்து விளக்கினார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பது வேறு. அந்தக் கோடையில் லெஸ் ஃபெர்டினாண்டையும், மறு ஆண்டு 1.5 கோடி பவுண்டுக்கு ஆலன் ஷியரரையும் அவர் கொண்டுவந்தார் என்பதும் வேறு. அவர் படியில் வந்து நின்றார் என்பதே எனக்குப் போதுமானது.

இதுவே என் கருத்து. ரசிகர்கள் முடிவைத் தீர்மானிப்பதில்லை. அதை ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ தள்ளிப்போடுகிறார்கள். முடிவெடுத்தவருக்கு ஒரு விலை வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கம் கேட்கிறார்கள். கேட்பவர் தவறாகவே இருக்கலாம். விளக்கம் பெற, சரியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நெடுநாள் உடனிருந்தாலே போதும். தந்தையின் தோளில் அமர்ந்து முதல் ஆட்டம் பார்த்தவன், தன் மகனைத் தோளில் சுமந்து அதே வாசலுக்கு வருகிறான். அதற்குள் உரிமையாளரும் மேலாளரும் ஆட்டக்காரர்களும் பலமுறை மாறிவிடுகிறார்கள். மாறாமல் நிற்பவன் அவன்தான். அவனுக்கு ஒரு பதிலைக்கூடச் சொல்லவேண்டியதில்லை என்று ஒரு கழகம் எண்ணத் தொடங்கினால், அது ஆட்டக்காரரை விற்பதோடு நிற்காமல், வாசலில் நிற்பவனையும் சேர்த்தே இழந்துவிடும்.

தொலைக்காட்சி உரிமப் பணம் பெருகப் பெருக, வாசலில் நிற்பவனின் சீட்டுக் காசு கழகத்துக்குச் சிறிதாகிக்கொண்டே வருகிறது. கேட்பவனைப் பொருட்படுத்தாமலிருக்கும் வசதி இப்போது முன்னெப்போதையும்விட அதிகம். அதனால்தான் வாசலில் போய் நின்று கேட்பதும் முன்னெப்போதையும்விட அவசியமாகிறது. காகா போகத்தான் போனார். ஆனாலும் அந்த ஜனவரி மாலையில் சன்னல் திறந்தது. கீழே ஆட்கள் நின்றதால் திறந்தது.