குளிரில் காசு பொறுக்கப் போன கதை

"டேய், உனக்கு மறை கழண்டுபோச்சா?"

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் இரண்டு ஜோடி சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டிருந்தபோது போர்வைக்குள்ளிருந்து வந்த கேள்வி. வெளியே மைனஸ் இரண்டு டிகிரி. நான் கிளம்பியது நார்விச்சுக்கு வெளியே ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடக்க. அறைத்தோழன் கேட்டதில் தப்பே இல்லை.

கூட்டிப்போனவர் எங்கள் தெருப் பெரியவர், ரிட்டயர்டு லாரி டிரைவர். இருபது வருஷமாக வாராவாரம் இதுதான் அவருக்கு. கோடையில் ஏன் போகக்கூடாது என்று நானும் கேட்டேன். கோடையில் வயலில் பயிர் நிற்கும், மிதித்தால் விவசாயி சும்மா விடுவாரா? அறுவடை முடிந்து, உழுதுபோட்டு, அடுத்த விதைப்புக்குச் சும்மா கிடக்கும் நாட்கள்தான் இவர்களுக்கு சீசன். கலப்பை அடியில் கிடப்பதைக் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கும். மழையில் மண்ணும் இளகியிருக்கும். ஆனால் உறைபனி இறங்கிய காலையில் மேல்மண் ஓடு மாதிரி ஆகிவிடும், வெயில் வரக் காத்திருக்க வேண்டும். (வெயில் என்பது ஒரு மரியாதைக்குத்தான். ஜனவரியில் இங்கே சூரியன் ஃபியூஸ் போகப்போகிற ட்யூப்லைட்.)

கருவியில் மர்மம் ஒன்றும் கிடையாது. ப்ளஸ் டூ இயற்பியல்தான். கீழே இருக்கும் கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அது திருப்பி அனுப்பும் புலம் ஹெட்போனில் சத்தமாகக் கேட்கிறது. ஒற்றைக் காசு என்றால் ஒரு சாண் ஆழம் தாண்டினால் கஷ்டம்.

நான்கு மணிநேரத்தில் எனக்குக் கிடைத்தவை: துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் ஆறு, கோக் டின் வளையம் மூன்று, ஒரு டிராக்டர் போல்ட், ஈயக்கட்டி ஒன்று, கோட்டுப் பொத்தான் ஒன்று. பணத்துக்காக வருகிறவன் இரண்டாவது வாரம் வரமாட்டான். மரத்துப்போன விரல்களோடு பொத்தானைத் துடைத்துப் பார்த்து, "யாருடையதாக இருக்கும்?" என்று யோசிக்கிறவன்தான் பிப்ரவரியிலும் வருவான். 'இவர்கள் எல்லாம் புதையல் திருடர்கள்' என்று நினைத்துக்கொண்டிருந்த நான் அன்றைக்கே அந்த நினைப்பை மாற்றிக்கொண்டேன்.

முழுசாக அல்ல. அதற்குக் காரணம் ஒரு அரைக் காசு.

பன்னிரண்டு மணிவாக்கில் பெரியவருக்கு அது கிடைத்தது. சரிபாதியாக வெட்டப்பட்ட மெல்லிய வெள்ளிக்காசு, சிலுவையின் கை விளிம்புவரை நீண்டிருந்தது. உடைந்தது என்று நினைத்தேன். இல்லையாம். அந்தக் காலத்தில் சில்லறைக்காகப் பென்னியை இரண்டாக, நான்காக வெட்டிக்கொள்வார்கள். வட்டமான அரைப்பென்னி ஒழுங்காகப் புழக்கத்துக்கு வந்ததே 1280 வாக்கில், முதலாம் எட்வர்டு காலத்தில். நீளச் சிலுவைக் காசு 1247-ல் வந்தது. விளிம்பைச் சுரண்டித் திருடினால் தெரிந்துவிடட்டும் என்றுதான் சிலுவையை அவ்வளவு நீட்டினார்கள். ஆக இந்த அரைக் காசு கிட்டத்தட்ட 750 வருஷத்துக்கு முன்னால் யாரோ சந்தைக்குப் போகும் வழியில் தொலைத்தது. எனக்குப் புல்லரித்தது, குளிரால் இல்லை :-)

விவசாயி "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எப்போதோ சொல்லிவிட்டார். சட்டப்படியும் பிரச்சினை இல்லை. 1996 புதையல் சட்டப்படி அரசுக்குச் சொல்ல வேண்டிய பட்டியலில் ஒற்றைக் காசு பொதுவாக வராது. ஆனால் 1997-ல் தொடங்கிய ஒரு பதிவுத் திட்டம் இருக்கிறது. பொருளைக் கொண்டுபோய்க் காட்டினால் எடை போட்டு, படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார்கள். இதுவரை 15 லட்சத்துக்கு மேல் பதிந்தாயிற்று. கட்டாயமில்லை, விருப்பம்தான்.

பெரியவர் பதிய மாட்டேன் என்றார். "இடம் தெரிந்தால் ராத்திரித் திருடர்கள் வருவார்கள். அப்புறம் விவசாயி என்னையும் சேர்த்துத் துரத்திவிடுவார்."

பயம் நியாயமானதுதான். ஆனால் பொதுமக்களுக்குத் துல்லியமான இடத்தைக் காட்டுவதில்லை, ஏறக்குறைய இன்ன பகுதி என்று மட்டுமே போடுகிறார்கள். திரும்பி வரும்போது வண்டியில் அரைமணி நேரம் வாதாடினேன்.

பக்கத்து மாவட்டமான சஃபோக்கில், ஹாக்ஸன் ஊரில், 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர் ஒரு விவசாயியின் தொலைந்த சுத்தியலைத் தேடப் போனார். கிடைத்தது சுமார் 15,000 ரோமானியக் காசுகளும் தங்க, வெள்ளிச் சாமான்களும். அந்த மனிதர் மொத்தத்தையும் தோண்டி அள்ளவில்லை. கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். அதனால்தான் அவை மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது! மாறாக ஹெரிஃபோர்டுஷரில் 2015-ல் இருவர் வைக்கிங் காலப் புதையலை மறைத்து விற்றார்கள். 2019-ல் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்கிறார்கள், முதலில் மீண்டது முப்பது சொச்சம். ஆல்ஃபிரட் மன்னரின் வரலாற்றையே திருத்தக்கூடிய காசுகள் அவை.

"நான் திருடன் இல்லையே" என்றார் பெரியவர், சற்றுக் கோபமாக. இல்லைதான். ஆனால் எந்த இடம் என்ற தகவல் போய்விட்டால், திருடன் எடுத்தாலும் நல்லவர் எடுத்தாலும் அந்த அரைக் காசு வெறும் வெள்ளித்துண்டுதான். என்னைக் கேட்டால், கடுங்குளிரில் நின்று தேடும் அவ்வளவு ஆசை உள்ளவர்கள் அந்தக் கடைசி வேலையையும் செய்துவிட வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். பதிலே இல்லை. இனி கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை கதவைத் தட்டினார். கையில் பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே இருபது வருஷச் சேகரிப்பு: காசுகள், கொக்கிகள், ஒரு மோதிரம். மேஜையில் பேப்பரை விரித்து, எது எந்த வயலில் கிடைத்தது என்று ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தோம். இரவு பத்து மணிக்கு நிறுத்தினோம். டப்பாவில் பாதிக்கு மேல் எங்கே எடுத்தோம் என்று அவருக்கே நினைவில்லை. மோதிரத்தை மட்டும் ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.