சிப்பியில் வைரஸ்: சோதனை முடிவு யாரிடம் போக வேண்டும்?

1988இன் தொடக்கத்தில் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை கண்டது. கழிவுநீர் கலந்த கடலோரத்தில் அள்ளிய மட்டிகளைக் கொதிநீரில் சில நொடிகள் மட்டுமே முக்கி, அரைவேக்காட்டில் தின்றதுதான் காரணம். அந்த வைரஸை ஒழிக்க, சதையின் நடுப்பகுதிவரை 90 டிகிரி செல்சியஸில் 90 நொடிகள் வேக வேண்டும்.

இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சிப்பியில் மலக் கலப்பு உண்டா என்று அறிய, சட்டம் முதன்மையாக நம்பியிருப்பது ஈ.கோலை பாக்டீரியாவின் எண்ணிக்கையைத்தான். இதில்தான் ஓட்டை. சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் விட்டால், சிப்பி ஈ.கோலையை ஓரிரு நாட்களில் வெளியேற்றிவிடும். மனித மலத்தோடு கடலில் கலக்கும் நோரோவைரஸோ சிப்பியின் செரிமானத் திசுவைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கும். பாக்டீரியா சோதனையில் தேறிய சிப்பியே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வீட்டுக்குக் கொண்டுவர முடிவது இதனால்தான். 2016 முதல் 2018 வரை ஐரோப்பாவில் நடந்த கணக்கெடுப்பில், வளர்ப்புப் பகுதிகளில் எடுத்த சிப்பி மாதிரிகளில் 34.5 விழுக்காட்டில் நோரோவைரஸ் இருந்தது.

வைரஸைத் தேடும் வழி இல்லாமலில்லை. ஐஎஸ்ஓ 15216 என்ற சர்வதேச முறைப்படி, ஓட்டைத் திறந்து, கரும்பச்சையாக இருக்கும் செரிமானச் சுரப்பியை மட்டும் கத்தியால் பிரித்தெடுக்கிறார்கள். பொடியாக நறுக்கிய அந்தத் திசுவில் 2 கிராம் போதும். அதில் மனிதருக்கு நோய் தராத மெங்கோவைரஸைத் தெரிந்தே கலக்கிறார்கள். நொதியால் திசுவைக் கரைத்து, ஆர்என்ஏவைப் பிரித்து, மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் கருவியில் வைக்கிறார்கள். கலந்த மெங்கோவைரஸில் 1 விழுக்காடுகூடத் திரும்பக் கிடைக்காவிட்டால், ‘வைரஸ் இல்லை’ என்ற முடிவை ஏற்பதில்லை. தன்னையே சோதித்துக்கொள்ளும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

குறைகளும் உண்டு. பிசிஆர் காட்டுவது மரபணுத் துண்டை. அது தொற்றவல்ல வைரஸா, செத்ததா என்று சொல்லாது. மனித நோரோவைரஸை ஆய்வகத்தில் குடல் செல்களில் வளர்க்க முடிந்ததே 2016இல்தான். அன்றாடச் சோதனைக்கு அது இன்னும் எட்டவில்லை. மாதிரி எடுப்பதும் சிக்கல். 2012இல் கிழக்கு ஜெர்மனியில் பள்ளி உணவு சாப்பிட்ட ஏறத்தாழ 11,000 பேரை நோரோவைரஸ் வீழ்த்தியது. சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரிதான் மூலம். டன் கணக்கான பழத்தில் எந்தப் பெட்டியில் வைரஸ் என்று யார் கண்டார்?

இந்தக் குறைகளைச் சொல்லியே, சிப்பியில் எவ்வளவு வைரஸ் இருக்கலாம் என்ற சட்ட வரம்பைத் தள்ளிப்போடுகிறார்கள். இது சரியல்ல. தட்டுக்கு வந்த ஒவ்வொரு சிப்பிக்கும் சான்றளிக்க பிசிஆரால் முடியாதுதான். ஆனால், ஒரு கடற்பகுதியில் மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று அதனால் அடித்துச் சொல்ல முடியும். செத்த வைரஸானாலும் அது வந்த வழி சாக்கடைதானே! ஆகவே, சந்தையைவிட வளர்ப்புப் பகுதியில் இதைக் கட்டாயமாக்குவதே முறை. முடிவு சிப்பி வளர்ப்பவரிடம் மட்டுமல்ல, கழிவுநீரை நிர்வகிப்பவரிடமும் போக வேண்டும்.

பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடாவில் 2023 டிசம்பர் இறுதியில் நோரோவைரஸால் சிப்பி விற்பனை தடைசெய்யப்பட்டது. புத்தாண்டு வியாபாரம் போயிற்று. மழையில் நிரம்பி வழிந்த கழிவுநீர்க் கட்டமைப்பே காரணம் என்று சிப்பி வளர்ப்போர் கொதித்தார்கள். வைரஸை வளர்த்தவர்கள் அவர்கள் அல்ல. தடையின் இழப்பு மட்டும் முதலில் அவர்கள் தலையில்தான் விழுந்தது.