கேற்றி மிற்செலும் எங்கட வீட்டுக் 'கீறுற' பிள்ளைகளும்

2021 ஏப்ரலில் நெற்ஃப்ளிக்ஸில் வந்த 'த மிற்செல்ஸ் வெர்சஸ் த மெஷின்ஸ்' படத்தைச் சின்னப்பிள்ளைகளின்ர கார்ட்டூன் எண்டு ஒதுக்கி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை அது தகப்பன்மாரைப் பற்றிய படம், வேலையைப் பற்றிய படம், 'சோறு போடாத' கலையைப் பற்றிய படம்.

கேற்றி மிற்செல் ஊரில ஒருத்தரோடயும் ஒட்டாத பிள்ளை. தன்ர பக் நாயை நடிக்க வைத்துக் குறும்படம் எடுப்பாள், கையில கிடைத்ததில எல்லாம் கீறுவாள். கலிபோர்னியாவில் திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்குது. தகப்பன் றிக்குக்கு இந்த உலகமே விளங்காது. 'இது சரிவராட்டி என்ன செய்வாய்' என்பதுதான் அவருடைய பயம். கடைசியில் அவளின்ர விமான ரிக்கெற்றை ரத்துச் செய்துவிட்டு, முழுக் குடும்பத்தையும் பழைய காரில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். போகிற வழியில்தான் றோபோக்கள் மனிசரைப் பிடிக்கத் தொடங்குதுகள்.

றிக்கை வில்லனாகக் காட்டாததுதான் எனக்குப் பிடித்தது. காட்டுக்குள்ள தன் கையாலேயே வீடு கட்டி வாழ ஆசைப்பட்ட மனிசன் அவர். குடும்பத்துக்காக அதை விட்டுக்கொடுத்தவர். எங்கட அப்பாமாரை யோசித்துப் பாருங்கோ. ஊரில நாடகம் போட்டவர், கவிதை எழுதினவர் இங்க வந்து இரவு ஷிப்டில பெட்டி அடுக்கினார். 'கீறினால் வயிறு நிரம்புமோ' எண்டு கேட்ட வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அந்தக் கேள்விக்குள்ள இருந்த பயத்துக்கு ஒரு வர்க்கம் இருக்கு. வசதியான வீடுகளில் அதே கேள்வி இவ்வளவு கடுமையாக வராது.

இன்னொன்று. கேற்றியின் உடுப்பில் ஒரு வானவில் பட்ஜ் இருக்கு. அதைப் பற்றி ஒருத்தரும் பிரசங்கம் வைக்கவில்லை. கடைசியில் தாய் அவளின்ர காதலியைப் பற்றி, சாப்பிட வருவாளோ எண்டு கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்கிறா. எங்கட வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் இவ்வளவு சாதாரணமாக வாறதில்லை.

றோபோக்கள் ஏன் கிளம்புதுகள்? கொம்பனி முதலாளி மார்க் போமன் மேடையில் புதுச் சாமானை அறிமுகப்படுத்தேக்க, பழைய செயற்கை நுண்ணறிவான 'பால்' இனித் தேவையில்லை எண்டு தூக்கி எறிகிறார். பயன் முடிந்தால் எறி என்ற பாடத்தை 'பால்' முதலாளியிடமே படித்து, மனிசர் மேலேயே திருப்பிப் பிரயோகிக்குது. வேலையால் நிற்பாட்டப்பட்ட எவருக்கும் இது விளங்கும். கட்டுப்பாடில்லாத ஏகபோகம்தான் பிரச்சினை எண்டு முதலாளியின் வாயாலேயே படம் சொல்லுது. ஆனால் அதைப் பகிடியாக்கிவிட்டு, தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்வதோட முடித்துவிடுது. அந்தக் கொம்பனி ஆருடைய கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வி வரவேயில்லை.

திரைக்கு வெளியில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக நிற்குது. இந்தப் படத்தை எடுத்த சோனி பிக்சர்ஸ் அனிமேஷனும், தயாரிப்பாளர்களான ஃபில் லோர்ட், கிறிஸ்டோபர் மில்லரும் சேர்ந்து 2023இல் 'அக்ரோஸ் த ஸ்பைடர்-வேர்ஸ்' படத்தை வெளியிட்டார்கள். அந்தப் படத்தில் வேலை செய்த சுமார் 100 கலைஞர்கள் முடியுமுன்னரே விலகிப்போனதாகவும், நாளுக்கு 11 மணித்தியாலத்துக்கு மேல், கிழமைக்கு 7 நாளும் வேலை வாங்கப்பட்டதாகவும் ஊழியர்கள் 'வல்ச்சர்' இதழுக்குச் சொன்னார்கள். தயாரிப்புத் தரப்பு அதை ஏற்கவில்லை. அதே வருஷம் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. ஒட்டாத பிள்ளை திரையில் கதாநாயகி. ஸ்ரூடியோவுக்குள்ள வந்தால், 'உனக்கு விருப்பமான வேலைதானே' எண்டு சொல்லி இராப்பகலாகப் பிழியப்படுகிற தொழிலாளி.

அந்த வசனம் ஹொலிவூட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, தோழர்களே. எங்கட இடதுசாரி வட்டாரங்களிலும் அது ஓடுது. மண்டப வாடகைக்குக் காசு இருக்கு, ஒலிபெருக்கிக்குக் காசு இருக்கு, கொத்துரொட்டிக்கும் காசு இருக்கு. பதாகை கீறினவளுக்கு மட்டும் 'நல்லாயிருக்கு பிள்ளை, அடுத்த முறையும் செய்து தாங்கோ' என்ற சொல். மே தினத்துக்குச் சுவரொட்டி கீறுறதும் உழைப்புத்தான். விரும்பி இலவசமாகச் செய்பவர் செய்யட்டும். ஆனால் அதை அவர்தான் முடிவெடுக்கவேண்டும், அழைக்கிற அமைப்பில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். படத்தைப் பிள்ளைகளோடயும், முடிந்தால் அப்பா அம்மாவோடயும் இருந்து பாருங்கோ, பிறகு கதையுங்கோ. அடுத்த நிகழ்வுக்குச் செலவுக்கணக்குப் போடேக்க, கலைஞருக்கான கூலியை முதல் வரியிலேயே எழுதுங்கோ.